எடை மேடையில் ஏறிய கார்

“காருக்கெல்லாம் எதுக்குங்க எடை?”

எடை மேடைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. எங்களுக்கு முன்னால் மேடையை விட்டு இறங்கியது மக்காச்சோளம் ஏற்றிய பத்துச் சக்கர லாரி. பின்னால் கோழித்தீவன மூட்டைகளோடு இன்னொரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. நடுவே, கேரியரில் சூட்கேஸ், அண்டா, ஜமுக்காளம் என்று கட்டி வைத்த ஏழு இருக்கைக் கார். உள்ளே என் அக்கா, மச்சான், மச்சானின் அப்பா, அம்மா, பிள்ளைகள் இருவர். கடைசி வரிசையில் முழங்காலை நெஞ்சுக்கு மடக்கிக்கொண்டு நான்.

அவர்கள் முந்தின இரவு ஓசூரிலிருந்து நாமக்கல்லுக்கு வந்தவர்கள். கொல்லிமலை மாசி பெரியசாமி அவர்களுக்குக் குலதெய்வம். மேலே போய்ப் பொங்கல் வைத்து, சமைத்துச் சாப்பிட்டு, ஒரு இரவு தங்கி இறங்குவதாகத் திட்டம். சமையலுக்கு வேண்டிய எல்லாவற்றையும் அக்கா ஓசூரிலேயே ஏற்றிவிட்டாள். தண்ணீர் கேன் உட்பட. காலையில் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தேன். பின்பக்கம் குந்தி, மூக்கு மேலே தூக்கியிருந்தது. லாரிகளுக்கு நடுவில் வளர்ந்தவன் கண்ணுக்கு அது தப்பாது. மலை ஏறுவதற்கு முன் ஒருமுறை எடை போட்டுவிடலாம் என்று சொன்னது நான்தான். மச்சான் சிரித்தார், ஆனால் வந்தார்.

இந்த ஊரில் எடைச்சீட்டு இல்லாமல் பாரம் நகராது. அளவுக்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. அதனால் லாரிக்காரருக்குத் தன் வண்டி காலியாக எவ்வளவு, பாரத்தோடு எவ்வளவு என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். கார்க்காரரிடம் கேட்டுப் பாருங்கள். மைலேஜ் சொல்வார், வாங்கின விலை சொல்வார், எடை தெரியாது. ஏழு இருக்கை என்றால் ஏழு பேர் ஏறலாம், டிக்கி மூடினால் சாமான் சரி, மூடாவிட்டால் மிச்சம் மேலே. இதுதான் நம் கணக்கு.

திரையில் எண் நின்றது: 1,840.

அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், அதனால் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். மச்சானின் ஆர்.சி. அட்டையில் காலி எடை 1,180 கிலோ. டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த கையேட்டை எடுத்துப் பார்த்தால், ஆளும் சாமானும் சேர்த்து வண்டி தாங்கக்கூடிய மொத்த எடை 1,785. இடையில் இருப்பது 605 கிலோ. அதற்குள்தான் ஓட்டுநர், குடும்பம், மூட்டை, கேரியர் கம்பி எல்லாம் அடங்க வேண்டும். நாங்கள் ஏழு பேருமே கிட்டத்தட்ட 440 கிலோ வந்தோம். அதில் 80 நான். மிச்சமெல்லாம் சாமான். 55 கிலோ கூடுதல்.

“அம்பது கிலோ ஒரு பெரிய விஷயமா மாப்ள?” என்றார் மச்சான்.

மேடைக்காரருக்கு இப்போது ஆர்வம் வந்துவிட்டது. “முன்சக்கரத்த மட்டும் மேடையில வெச்சு நிறுத்துங்க” என்றார். 840. பிறகு முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் மட்டும் மேடையில். 1,000. “காலி வண்டியில எஞ்சின் பக்கந்தானுங்க கனம் இருக்கும். உங்களுது தலைகீழா நிக்குது” என்றார். எடைச்சீட்டின் பின்புறத்தில் இரண்டு எண்களையும் எழுதிக் கொடுத்தார்.

அந்த இரண்டு எண்களைப் பார்த்ததும் அக்காவுக்கு முந்தின இரவு நினைவுக்கு வந்தது. தொப்பூர் இறக்கத்திலிருந்து சேலம் வரைக்கும் எதிரே வந்தவர்கள் எல்லாம் ஹெட்லைட்டை மின்னி மின்னித் திட்டிக்கொண்டே போனார்களாம். மச்சான் டிம்மில்தான் ஓட்டியிருக்கிறார். ஆனால் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கிய காரில் டிம் வெளிச்சமும் எதிராளி கண்ணுக்கே போகும். இதற்காகவே ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்ன உருளை ஒன்று பெரும்பாலான கார்களில் உண்டு. பின்னால் பாரம் ஏற ஏற எண்ணைக் கூட்டினால் விளக்கு கீழே குனியும். மச்சான் அதை ஏசி சம்பந்தப்பட்டது என்று நினைத்திருந்தாராம்.

வெளிச்சம்கூடச் சின்ன விஷயம். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் ஸ்டியரிங், இழுவை, பிரேக்கில் பெரும்பங்கு எல்லாமே முன்சக்கரத்தின் பிடியை நம்பித்தான் இருக்கின்றன. பின்அச்சுக்கும் பின்னால் தொங்குகிற பாரம், முன்பக்கத்தைத் தூக்கிவிடுகிறது. ஸ்டியரிங் லேசாகிவிட்டது போலத் தோன்றும். ஓட்டுகிறவருக்கு அது சுகமாகக்கூட இருக்கும்.

எடை மேடையிலிருந்து டயர் கடைக்குக் கூப்பிடு தூரம்தான். சேலம் சாலையில் பாடி கட்டும் பட்டறைகளும், எரிவாயு டேங்கர்கள் வரிசை பிடித்து நிற்கும் திடல்களும், தேய்ந்த டயருக்கு ரீ-பட்டன் போடும் கூடங்களும் இருக்கிற பகுதி. கடைக்காரர் அறுபதை நெருங்குகிறவர். லாரி டயரில் தொழில் கற்று, பிற்பாடு காருக்கும் அலைன்மெண்ட் மிஷின் வாங்கிப் போட்டவர். நாங்கள் போனபோது ஒரு லாரி கிளீனர் கம்பியால் டயர்களை வரிசையாகத் தட்டிக்கொண்டு போனார். பின்னால் இரட்டைச் சக்கரம் இருக்கிற வண்டியில் உள்டயர் காற்றிறங்கினால் கண்ணுக்குத் தெரியாது, வெளிடயர் அதையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு நிற்கும். அதனால் தட்டிச் சத்தத்தில் கண்டுபிடிக்கிறார்கள். காற்று நிறைந்தது ‘டங்’ என்று எழும்பும், இறங்கினது ‘தொப்’பென்று படுக்கும். இரண்டு டயருக்கும் நடுவில் கல் மாட்டியிருக்கிறதா என்றும் குனிந்து பார்த்தார்.

“கார் டயரத் தட்டிப் பாத்தா தெரியாதுங்க. கேஜ் வெச்சுத்தான் பாக்கோணும்” என்றபடி கடைக்காரர் வந்தார். “வண்டி எவ்வளவு தூரம் ஓடி வந்துச்சு?”

இரவு முழுக்க என் வீட்டு வாசலில் நின்றது, காலையில் எடை மேடை வழியாக இங்கே வந்தது ஒரு கிலோமீட்டருக்குள்தான் என்றதும், “அப்ப டயர் ஆறித்தான் இருக்குது, நல்லது” என்று வால்வு மூடியைக் கழற்றினார். ஓடி வந்த சூட்டில் காற்று விரிந்து மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். பெட்ரோல் பங்கில் நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டுப் போய் ‘33 இருக்கு, சரி’ என்று திரும்புகிறவர் உண்மையில் 29-இல் ஓடிக்கொண்டிருக்கிறார்.

முன்னால் இரண்டும் 28. பின்வலது 29. பின்இடது 26.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் நிறுவனமே எழுதி வைத்திருந்தது: சாதாரணமாக நான்குக்கும் 33, முழுப் பாரத்துக்குப் பின்னால் 36. மச்சான் அந்தக் கதவை எத்தனை ஆயிரம் முறை திறந்து மூடியிருப்பாரோ. கடைக்காரர் கேட்டார்: “எத்தன நாளைக்கு ஒருக்காங்க காத்துப் பாப்பீங்க?” சர்வீஸுக்கு விடும்போது அவர்களே பார்த்துவிடுவார்கள் என்றார் மச்சான். நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகவே கசிந்துகொண்டிருக்கும் என்பதைக் கடைக்காரர் அவருக்குச் சொல்லவில்லை. எனக்குத்தான் சொன்னார், பிற்பாடு, டீ குடிக்கும்போது.

மச்சானின் அப்பா டயரின் பக்கவாட்டைக் காட்டி, “இதுல 44ன்னு போட்டிருக்குதே?” என்று கேட்டார். நல்ல கேள்வி. நிறையப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள். டயரில் பொறித்திருப்பது அந்த டயருக்கு ஆகக்கூடிய உச்ச அளவு. எந்தக் காரில் மாட்டப் போகிறார்கள் என்பது டயர் செய்தவருக்குத் தெரியாது. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதைச் சொல்வது கதவுத்தூண் தாள்தான்.

ஆனால் டயரின் மேல் இன்னொரு வரி இருந்தது, எடைச்சீட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. 185/65 ஆர் 15 88 ஹெச். அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். ரிம் 15 அங்குலம். ஹெச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும் என்கிற வேகக் குறி, நமக்கு அவ்வளவாக வேலையில்லாதது. நடுவில் இருக்கும் 88-ஐத்தான் யாரும் கவனிப்பதில்லை. அது எடைக் குறி. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 82 என்றால் 475, 91 என்றால் 615. மலிவாகக் கிடைக்கிறது என்று குறைந்த எண் டயரை மாட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

“பின்னாடி ஆயிரம் கிலோ. ரெண்டு டயர். ஒண்ணுக்கு ஐந்நூறு. அறுபது கிலோ இன்னும் பாக்கி இருக்குதே” என்று மச்சான் கணக்குப் போட்டார்.

“காத்து முழுசா இருந்தா” என்றார் கடைக்காரர்.

அந்த 560, டயருக்குள் வேண்டிய அளவு காற்று நிற்கும்போது மட்டும்தான். பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் காற்று. ரப்பரும் உள்ளே இருக்கும் எஃகு வலையும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை. 36-இல் தாங்குவதை 26-இல் தாங்காது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு திறன் போய்விடும். அப்படிப் பார்த்தால் அந்த இடதுபின் டயருக்கு 450 கிலோ அளவில்தான் தெம்பு, ஏறியிருந்தது 500. ஓசூரிலிருந்து, தொப்பூர் வழியாக, அப்படியே வந்திருக்கிறது. 605 கிலோவுக்கு மேல் 55 என்பது சின்னக் கூடுதலாகத் தெரியும். காற்றின் குறைவையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது எங்கே போய் உட்கார்ந்தது என்று தெரிகிறது. இந்த இரண்டையும் தனித்தனி விஷயமாக நினைப்பதுதான் நம்முடைய பெரிய கோளாறு என்று எனக்கு அங்கே நின்றபோது பட்டது.

காற்றுக் குறைந்த டயர் ஏன் வெடிக்கிறது என்பதைக் கடைக்காரர் கையால் காட்டினார். பழைய டயர் ஒன்றின் பக்கச்சுவரை உள்ளங்கையால் அழுத்தி விட்டார். மறுபடி அழுத்தி விட்டார். இந்த அளவு டயர் ஒரு கிலோமீட்டர் போக ஐந்நூறு தடவைக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் பக்கச்சுவர் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினொரு மடிப்பு. கம்பியை மடக்கி நிமிர்த்தி மடக்கி நிமிர்த்தி ஒடிப்பது போலத்தான். ஒடிவதற்கு முன் கம்பி கையைச் சுடும். டயரும் அப்படியே சூடேறி, அடுக்குகள் பிரிந்து, கடைசியில் கிழிகிறது. நல்ல வெயிலில், நீண்ட நேர்ச்சாலையில், முழுக் குடும்பத்தோடு போகும்போது டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ‘நல்ல டயர்தான், திடீர்னு வெடிச்சிருச்சு’ என்பார்கள். திடீரென்று அல்ல.

வெடித்தால் என்ன செய்வது என்று அக்காவின் மகன் கேட்டான். பிரேக்கை ஏறி மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மெதுவாக விட்டு, வேகம் தானாக வடியும்வரை வண்டியை நேர்க்கோட்டில் வைத்திருந்து பிறகு ஓரம் கட்ட வேண்டும். கடைக்காரர் அவனிடம் சொன்ன விதத்தில், மச்சானுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னதாகத் தெரிந்தது.

இடதுபின் சக்கரத்தைக் கழற்றித் தொட்டியில் முக்கினார்கள். பட்டன் நடுவில் ஒரு ஆணி, சின்னச் சின்னக் குமிழி. ட்யூப்லெஸ் என்பதால் ஒரேயடியாக இறங்காமல் மெல்லக் கசிந்திருக்கிறது. தரையில் படும் பகுதி என்பதால் அடைக்கலாம், அடைத்தார்கள். பக்கச்சுவரில் ஏறியிருந்தால் டயரையே மாற்றத்தான் வேண்டும். அங்கே எந்த ஒட்டும் நிற்காது, ஒட்டித் தருகிறேன் என்று சொல்கிறவரை நம்பவும் கூடாது.

அந்தப் பின்டயரில் இரண்டு தோளும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தது. காற்றுக் குறைவாக ஓடியதற்கு எழுதி வைத்த சாட்சி அது. காற்று அதிகமாக ஓடினால் நடு தேயும், ஓரம் நிற்கும். ஒரு பக்கத் தோள் மட்டும் தேய்ந்தால் அலைன்மெண்ட். அங்கங்கே குழிகுழியாகத் தின்றிருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ பார்க்க வேண்டும். முன்டயர்கள் இரண்டிலும் பட்டன் வெகுவாகக் குறைந்து, பள்ளத்துக்குள் குறுக்கே ஓடும் சின்ன ரப்பர் மேட்டை நெருங்கியிருந்தது. டயரின் தோளில் இருக்கும் முக்கோணக் குறிக்கு நேராகப் பார்த்தால் அந்த மேடு தெரியும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அதற்குச் சமமாகத் தேய்ந்த நாளில் டயரின் ஆயுள் முடிந்தது. “வெயில் காலம், ரோடு காஞ்சு கெடக்குது, இன்னிக்கு ஏறி எறங்கலாம். மழைக்கு முன்னால மாத்திருங்க” என்றார். மழையில் அந்தப் பள்ளங்கள்தான் டயருக்கு அடியிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. பள்ளம் இல்லாத டயர் தண்ணீர்மேல் மிதந்துபோகும், ஸ்டியரிங் என்ன திருப்பினாலும் கேட்காது.

நைட்ரஜன் அடிக்கலாமா என்று மச்சான் கேட்டார். மிஷின் பின்னால் பச்சை மூடிகளோடு நின்றது. நைட்ரஜனில் ஈரம் இல்லை, கசிவும் கொஞ்சம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு அதுதான் இருக்கிறது. “அடிச்சிட்டு ஆறு மாசம் பாக்காம உடறவருக்கு எதுவும் ஆகாதுங்க” என்று சொல்லிவிட்டுச் சாதாரணக் குழாயையே எடுத்தார். மிஷின் வாங்கினவரே இப்படிச் சொல்வது வியாபாரத்துக்கு நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்டெப்னிதான் பெரிய வேடிக்கை. இந்த வண்டியில் அது டிக்கிக்குள் இல்லை, வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்குகிறது. அதை இறக்குகிற திருகு டிக்கித் தரையில் இருக்கிறது, தரைமேல் அரிசி மூட்டை இருக்கிறது, அதன்மேல் தண்ணீர் கேன். தொப்பூரில் பஞ்சர் ஆகியிருந்தால் இருட்டில், சாலையோரத்தில், மொத்தக் குடித்தனத்தையும் இறக்கி வைத்துத்தான் சக்கரத்தைத் தொட்டிருக்க முடியும். இறக்கினால் ஒரு விரல் சேறு. காற்று 12. பட்டன் புத்தம் புதுசாக, முழுசாக இருந்தது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கத்தைத் துடைத்துக் காட்டினார் கடைக்காரர்: 3617. 2017-ஆம் வருஷத்து 36-ஆவது வாரம். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். பள்ளங்களின் அடியில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தன. ஐந்து வருஷம் ஆனதும் வருஷாவருஷம் காட்டிவிடுவது, பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருக்காமல் இருப்பது என்பது டயர் நிறுவனங்களே சொல்லும் கணக்கு. புது டயர் வாங்கும்போதும் இந்த நான்கு இலக்கத்தைப் பார்த்து வாங்கலாம், கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி சாமான். கடை முற்றத்தில் எல்லாவற்றையும் இறக்கி வைத்தோம். அக்காவுக்குக் கோபம். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு நியாயம் இருந்தது.

முதலில் இறங்கியது ஐந்து கிலோ சிலிண்டரும் அடுப்பும். ஆட்கள் உட்கார்ந்திருக்கிற, கண்ணாடி ஏற்றி ஏசி போட்ட வண்டிக்குள் எரிவாயு சிலிண்டர் என்பது எடைக் கணக்கே இல்லை, அது வேறு பேச்சு. கோயிலில் விறகு கிடைக்கும். இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு: நாற்பது கிலோ, அதுவும் வண்டியின் கடைக்கோடியில். மலையிலும் கடை இருக்கிறது. அண்டாவும் குண்டானும் மேலே வாடகைக்கு எடுக்கலாம். அண்டா இறங்கும்போது மச்சானின் அம்மா ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் அதைத் துடைத்து என் கையில் கொடுத்தார். அது அவர் கல்யாணத்துச் சீர்.

பிறகு கேரியர். இதற்குத்தான் மச்சான் மல்லுக்கு நின்றார். கூரைமேல் வைக்கக்கூடிய எடைக்கும் கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. கேரியர் கம்பியின் எடையும் அதற்குள் சேர்த்திதான். அளவுக்குள் இருந்தாலும், உயரத்தில் ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் வண்டியின் கனத்தை மேலே தூக்குகிறது. நேர்ச்சாலையில் டீசல் கூடக் குடிப்பதோடு போகும். கொண்டை ஊசி வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும். கேரியரைக் கழற்றினால் சூட்கேஸுக்கு இடம்? நான் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். என் 80 கிலோ போயிற்று, கடைசி வரிசையில் ஒரு பாதியை மடக்கிக்கொள்ளலாம்.

அடுக்குகிற முறையைக் கடையில் வேலை செய்யும் பையன்தான் காட்டினான், லாரி லோடுமேன் வீட்டுப் பிள்ளை. அரிசி மூட்டை தரையில், இருக்கையின் முதுகோடு ஒட்டி. அதன் பக்கத்தில் சூட்கேஸ்கள் படுக்கையாக. கனமானது கீழே, முன்னால். லேசானது மேலே, பின்னால். இருக்கையின் முதுகுயரத்துக்கு மேல் எதுவும் இல்லை. இடுக்குகளில் ஜமுக்காளத்தைத் திணித்தான், ஒன்றும் உருளாது. ஜாக்கியும் வீல் ஸ்பானரும் டிக்கிக் கதவைத் திறந்ததும் கைக்கு வருகிற இடத்தில். பின்கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த தேங்காய்ப் பையை எடுத்துக் கீழே செருகினான். பத்துக் கிலோ தேங்காய் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது வண்டி எதன்மேலாவது மோதி நின்றால், வண்டிதான் நிற்கும், தேங்காய் நிற்காது. இருபத்தைந்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது எட்டு மாடியிலிருந்து விழும் வேகத்தோடு அது முன்னால் இருப்பவர் பிடரிக்கு வரும். ஓட்டுநர் காலடியில் உருளும் தண்ணீர் பாட்டில் இதற்குச் சளைத்ததல்ல. பிரேக்குக்கு அடியில் போய் மாட்டினால் மிதிக்க முடியாது.

பின்னால் 36, முன்னால் 33 அடித்து, மறுபடி எடை மேடை. இந்த முறை நான் கீழே நின்றேன். மொத்தம் 1,660. முன்னால் 820, பின்னால் 840. முன்பக்கத்தில் குறைந்தது இருபது, பின்பக்கத்தில் நூற்றறுபது. மேடைக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டு, “இப்பத்தானுங்க வண்டி வண்டியாட்ட நிக்குது” என்றார்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக பஸ் காரவள்ளியை அடைந்தது. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. முன்படிக்குப் பக்கத்து இருக்கை கிடைத்ததால் கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. நடுவழியில் எங்களுக்கு முன்னால் ஒரு வேன் போய்க்கொண்டிருந்தது, கூரையில் மூட்டைகளும் நாற்காலிகளும் கட்டியது. வளைவில் திரும்பும்போது அதன் உடம்பு ஒரு பக்கம் சரிந்து, நிமிர்வதற்குள் அடுத்த வளைவு வந்து மறுபக்கம் சரிந்தது. மேலே கட்டிய கயிறு ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வது பஸ்ஸிலிருந்தே தெரிந்தது. எங்கள் டிரைவர் ஹாரன் அடித்து நிறுத்தச் சொல்லி, கையால் மேலே காட்டினார். அவர்கள் இறங்கிக் கட்டியபின்தான் தாண்டினார். மேலே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். அன்று இறங்கி வந்த கார்களில் பாதிக்கு அது தெரியவில்லை.

மேலே கோயில் பக்கம் போய்ச் சேர்ந்தபோது மச்சான் கையில் கேஜோடு உட்கார்ந்திருந்தார். கடையிலேயே ஒன்று வாங்கியிருக்கிறார். “மாப்ள, பின்னாடி 40 காட்டுது, கொஞ்சம் எறக்கி உட்டர்ட்டா?” வேண்டாம் என்றேன். ஏறி வந்த சூடு ஒரு பக்கம். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறியதில் வெளிக்காற்றின் அழுத்தமும் ஒன்றரை பிஎஸ்ஐ அளவுக்குக் குறைந்திருக்கும், கேஜ் அதையும் கூட்டித்தான் காட்டும். சூட்டில் இறக்கிவிட்டால், ஆறினபின் கீழே போகும்போது குறைந்து நிற்கும். பொங்கல் பொங்குவதற்குள் மூன்று தடவை எழுந்து போய் அளந்து பார்த்தார். புதுப் பித்து.

மறுநாள் இறங்கும்போது நான் காரில்தான் வந்தேன். அரிசியும் காய்கறியும் தீர்ந்துவிட்டதால் எடைக்குப் பிரச்சினை இல்லை. இரண்டாவது கியரில், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள, வளைவுக்கு முன் மட்டும் பிரேக். காரவள்ளியில் ஒரு வாடகைக் கார் முன்சக்கரத்தில் புகை கிளம்ப நின்றது. ஓட்டுநர் பக்கெட்டில் தண்ணீர் கொண்டு வந்தார். மச்சானின் அப்பா ஜன்னலை இறக்கி, “தண்ணி ஊத்தாதீங்க தம்பி, டிஸ்க்கு கோணிக்கும், தானா ஆறட்டும்” என்று சத்தம் போட்டார். அவர் இதை எங்கே கற்றார் என்று தெரியவில்லை. முந்தின நாள் கடையில் யாரும் சொல்லவில்லை.

நாமக்கல்லில் மறுபடி டயர் கடை. மழை வருகிறவரை காத்திருக்க மச்சானுக்கு மனம் இல்லை, இரண்டு புது டயர் எடுத்தார். அவற்றைப் பின்னால் மாட்டப் போனார் கடைக்காரர். மச்சானுக்குப் புரியவில்லை. இழுப்பது முன்சக்கரம், தேய்ந்ததும் முன்டயர், புதுசு முன்னால்தானே? முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரை விட்டுச் சமாளித்துவிடலாம், ஈரச்சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி தன்னைத்தானே சுற்றிவிடும், தேர்ந்த ஓட்டுநருக்கே அது கைமீறும் என்றார் கடைக்காரர். பழைய பின்டயர்கள் முன்னால் வந்தன. கழற்றிய முன்டயர்களில் ஒன்றைத் தற்காலிக ஸ்டெப்னியாகத் தொங்கவிடலாமா என்று மச்சான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், மூன்றாவது டயர் ஒன்றை எடுத்து வந்து முன்னால் வைத்தார். பில் கூடிற்று. சும்மா ஊருக்குப் போகிற பாரம்தான் என்பதால் காற்று நான்குக்கும் 33.

நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரும் புதிருமாக முறுக்கினான் பையன். நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஒருமுறை நிறுத்தி எல்லா நட்டையும் முறுக்கிப் பார்த்துவிடச் சொன்னார்கள். சாயங்காலம் அக்கா போன் செய்தாள். சேலம் தாண்டி நிறுத்திப் பார்த்தார்களாம். பின்இடது சக்கரத்தில் ஒன்று மட்டும் கால் சுற்றுப் போயிற்றாம்.